நூலின் தரக்குறைவைச் சொல்ல ‘ஷாடி’ என்று எழுதியது தவறா?

கேள்வி: பின்னல்மேசை

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணிப் பரிசோதனைப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். தமிழ்வழியில் படித்தவள். துணியைப் பார்த்தால் குறை என்னவென்று தெரிந்துவிடும். அதை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தடுமாறுகிறேன்.

போன வாரம் 30-ஆம் நம்பர் கோம்டு (சீவிய) நூலில் ஓட்டிய துணி கருநீலச் சாயம் ஏறி வந்தது. விளக்கு மேசையில் விரித்தால், கருநீலத்தின் நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடுகள். ஒரு கெஜத்தில் ஏழெட்டு இருந்தன. ஊசியால் ஒன்றை நெம்பி எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். பஞ்சாக இருந்தால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகியிருக்கும். இது சுருண்டு உருகி, கடுகில் பாதி அளவு மணியாக நின்றது. ஆறிய பிறகு நகத்தால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. பாலிபுரொப்பிலீன் (பிளாஸ்டிக்) சாக்கு இழைதான், சந்தேகமே இல்லை.

உடனே நூல் மில்லுக்கு மெயில் அனுப்பினேன். ‘யுவர் யார்ன் இஸ் ஷாடி’ என்று எழுதினேன். அகராதியில் ‘மட்டமான, தரங்குறைந்த’ என்றுதான் பொருள் போட்டிருந்தது. அரை மணி நேரத்தில் மில் மேலாளரிடமிருந்து தொலைபேசி. “நாங்கள் என்ன கந்தலைக் கிழித்தா நூல் நூற்கிறோம்? உங்கள் முதலாளியிடம் பேசிக்கொள்கிறேன்” என்று வைத்துவிட்டார். கந்தல் எங்கிருந்து வந்தது என்றே எனக்குப் புரியவில்லை.

முதலாளி என்னைத் திட்டவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியான கடிதம் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார். அதன் நகல் எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் போகும். இன்ஃபீரியர், சப்ஸ்டாண்டர்ட், புவர் குவாலிட்டி, செகண்ட்-ரேட், மீடியோக்கர், டிஃபெக்டிவ் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இவற்றில் எதை எழுதலாம்? ஷாடி என்றால் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம்?

*

அவிநாசிக்காரன்:

‘நாட் அப் டு தி மார்க்’ என்று எழுதிவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் பதினைந்து வருடமாக அதைத்தான் எழுதுகிறோம். யாருக்கும் மனம் புண்படாது.

*

துணிக்கண்:

அம்மணி, அந்த மேலாளர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மேல் தவறு என்றும் சொல்ல மாட்டேன். அகராதி பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. முப்பத்தொரு வருடம் துணி பரிசோதித்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஷாடி முதலில் வசைச்சொல்லே இல்லை. அது ஒரு சரக்கின் பெயர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பாட்லி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரரான பெஞ்சமின் லா, 1813 வாக்கில், பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்துத் திரும்பவும் இழையாக்கி, புதுக் கம்பளி கலந்து நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தச் சரக்குக்குத்தான் ஷாடி என்று பெயர். இறுக்கமாக நெய்த துணியைக் கிழித்தால் இழை இன்னும் குட்டையாக வரும். அதற்கு மங்கோ என்று தனிப் பெயர் உண்டு. பாட்லியும் பக்கத்து ஊரான டியூஸ்பரியும் இந்தத் தொழிலை வைத்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தன.

பெயர் கெட்டது அமெரிக்க உள்நாட்டுப் போரில். 1861-இல் வடக்குப் படைக்கு அவசர அவசரமாகச் சீருடை தேவைப்பட்டது. ஒப்பந்தக்காரர்கள் சிலர் மோசமான ஷாடித் துணியில் தைத்துக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். மழையில் நனைந்ததும் சிப்பாயின் உடம்பிலேயே துணி பிரிந்தது. அதன் பிறகுதான் கவனமில்லாமல் செய்த எதற்கும், ஏமாற்றிச் செய்த எதற்கும் ஷாடி என்கிற வழக்கம் பரவியது. செய்தவரின் நேர்மையைப் பழிக்கும் வாடை இன்றைக்கும் அந்தச் சொல்லில் இருக்கிறது.

நம் நாட்டில் பானிப்பட்டில் இது இன்னும் தொழிலின் பெயர்தான். 1990-களில் வேலையாக அங்கே போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஸ்வெட்டர்கள் ஒரு கூடம் முழுக்கக் குவிந்து கிடந்தன. பெண்கள் சுற்றி உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டார்கள். சிவப்பு தனியாக, பச்சை தனியாக. நிறம் பிரித்துவிட்டால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. அந்த நூலில் நெய்த கம்பளிகள் வெள்ளம், நிலநடுக்கம் வந்த ஊர்களுக்கு நிவாரணமாகப் போகின்றன. குளிரில் நடுங்குகிற ஒருவர் மேல் அது விழும்போது அதை மட்டம் என்று எவரும் சொல்ல முடியாது. அந்தக் கூடத்தைப் பார்த்ததிலிருந்து அந்தச் சொல்லை வசையாக எழுத எனக்குக் கை வருவதில்லை.

இப்போது உங்கள் மெயிலை மில்காரர் காதால் கேட்டுப் பாருங்கள். கோம்டு நூல் என்றாலே குட்டை இழைகளைச் சீவித் தள்ளிவிட்டு நூற்ற நூல். அதற்குத்தான் கூடுதல் விலை. அதைப் போய் ஷாடி என்றால், ‘கழிவு இழையைக் கலந்து கோம்டு என்று விற்றுவிட்டாய்’ என்று அவர் காதில் விழும். நீங்கள் குறையைச் சொன்னீர்கள், அவர் அதை மோசடிக் குற்றச்சாட்டாகக் கேட்டார்.

அடுத்து உங்கள் பட்டியல்.

இன்ஃபீரியர் என்றால் எதையாவது ஒன்றோடு ஒப்பிட்டாக வேண்டும். ‘போன லாட்டை (சரக்குத் தொகுதியை) விட இந்த லாட் தாழ்வு’ என்று சொல்ல அது பொருந்தும். அப்போதும் அதற்குப் பின்னால் ‘டூ’தான் வரும், ‘தேன்’ வராது. சப்ஸ்டாண்டர்ட் என்று எழுதினால், எந்த ஸ்டாண்டர்ட் என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் அந்நிய இழை இவ்வளவுக்கு மேல் கூடாது என்று எழுதியிருந்தால் தாராளமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குக் கால் இருக்காது. செகண்ட்-ரேட், மீடியோக்கர் இரண்டும் ஓட்டல் சாப்பாட்டையும் நாவலையும் பற்றிப் பேச ஏற்றவை. அதிலும் மீடியோக்கர் என்றால் நடுத்தரம், சுமார், அவ்வளவுதான். நூலுக்கு ஒட்டாது. புவர் குவாலிட்டி யாரையும் சுடாது, ஆனால் எதையும் சொல்லவும் செய்யாது.

டிஃபெக்டிவ் என்ற சொல்லில் நிதானம் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9000 தரச்சொற்களில், கேட்டபடி இல்லாத எதுவும் நான்கன்ஃபார்மிட்டி. உபயோகத்தையே பாதிக்கிற குறைதான் டிஃபெக்ட். பொருளால் வரும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்ற சட்டக் கேள்வி இந்தச் சொல்லோடு சேர்ந்து வருவதால், இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும் என்று அந்தத் தர ஆவணமே எச்சரிக்கிறது. பையருக்கு நகல் போகிற கடிதத்தில் டிஃபெக்டிவ் என்று உங்கள் கையால் எழுதிவிட்டால், பின்னால் அதே சொல்லை உங்கள் கம்பெனிக்கு எதிராகவே எடுத்துக் காட்டலாம்.

அவிநாசி நண்பர் சொன்ன ‘நாட் அப் டு தி மார்க்’ நம் ஊரில் மரியாதையான சொற்றொடர்தான். ஆனால் மில்காரர் திருத்திக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. எந்த மார்க், எவ்வளவு கீழே? மனம் புண்படாததால் மட்டும் கடிதம் வேலை செய்துவிடாது.

என் யோசனை, தரத்தைப் பற்றிய அடைச்சொல்லே வேண்டாம். குறையின் பெயரை எழுதுங்கள்: பாலிபுரொப்பிலீன் கன்டாமினேஷன் (அந்நிய இழைக் கலப்பு). நூலின் நம்பர், லாட் எண், எத்தனை கோன் (நூல் சுற்றிய கூம்பு), ஒரு கெஜத்தில் எத்தனை இழை, எரித்துப் பார்த்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பிடுங்கிய இழைகளை ஒரு வெள்ளை அட்டையில் ஒட்டி, உருகிய மணியையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். உர மூட்டைச் சாக்கில் பஞ்சு கட்டி வரும்போது ஒட்டிக்கொள்கிற இழை அது. வெள்ளை நூலில் கண்ணுக்குத் தெரியாது. சாயம் அதில் ஏறாததால்தான் கருநீலத்தில் பளிச்சென்று தெரிகிறது. மில்காரருக்கு இது தெரியாத விஷயம் அல்ல. அட்டையைப் பார்த்தால் அவரே ஒப்புக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘சீப்’ என்ற சொல்லைப் பையருக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் சேர்க்காதீர்கள். வேலைக்கு வந்த புதிதில், விலை குறைவு என்ற நல்ல எண்ணத்தில் அப்படி எழுதினேன். ‘சரக்கில் என்ன குறை?’ என்று பதில் வந்தது, அந்த ஆர்டரும் கைவிட்டுப் போயிற்று. அந்த வருத்தம் வெகு நாள் இருந்தது. தமிழில் மலிவு என்றால் வாங்குபவருக்கு மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் சீப் விலையையும் குறிக்கும், தரத்தையும் இழிக்கும். இன்எக்ஸ்பென்சிவ் என்றோ, நேரடியாக விலையையோ எழுதுங்கள்.

*

கரும்பலகை:

ஆங்கில ஆசிரியராக ஒன்றைச் சேர்க்கிறேன். ஷாடி மாதிரியே ‘டாட்ரி’ என்ற சொல்லும் துணியிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ஈலி நகரில் புனித ஆட்ரி பெயரால் நடந்த சந்தையில் விற்ற பட்டு நாடாதான் ‘செயின்ட் ஆட்ரிஸ் லேஸ்’. சொல் தேய்ந்து டாட்ரி ஆனது, சரக்கும் பகட்டுச் சரக்கு என்று பெயரெடுத்தது. இன்று பளபளப்பாக இருந்து உள்ளே ஒன்றுமில்லாததை அப்படிச் சொல்கிறார்கள். எனவே நூலுக்கு அதுவும் பொருந்தாது.

நம் ‘மட்டம்’ என்ற சொல்லையும் மாணவர்களிடம் அடிக்கடி காட்டுவேன். கொத்தனார் கையில் ரசமட்டம் இருந்தால் மட்டம் என்பது சரியான அளவு. கடைக்காரர் ‘மட்டமான சரக்கு’ என்றால் தாழ்ந்தது. ஒரே சொல், யார் எங்கே சொல்கிறார்கள் என்பதில்தான் பொருள். ஷாடி விஷயத்தில் நடந்ததும் அதேதான்.

*

மருந்துச்சீட்டு:

நான் மருந்தாளுநர். துணிக்கண் ஐயா சப்ஸ்டாண்டர்ட் பற்றிச் சொன்னது எங்கள் துறையில் உயிர்ப் பிரச்சினை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தில் மிஸ்பிராண்டட் (தவறான லேபிள்), அடல்ட்ரேட்டட் (கலப்படம்), ஸ்பூரியஸ் (போலி) மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. முறையான உரிமத்தோடு தயாரித்த மாத்திரையில் மருந்தின் அளவு குறைந்தால் ‘நாட் ஆஃப் ஸ்டாண்டர்ட் குவாலிட்டி’. இன்னொரு மருந்தின் பெயரைத் திருடிப் போலியாகத் தயாரித்தால் ஸ்பூரியஸ். முதலாவது தவறு, இரண்டாவது வஞ்சகம். உலக சுகாதார நிறுவனமும் 2017-இல் ‘சப்ஸ்டாண்டர்ட்’, ‘ஃபால்சிஃபைட்’ (போலி) என்று தனித்தனியாகப் பிரித்துவிட்டது. செய்தித்தாளில் இரண்டையும் சேர்த்துப் ‘போலி மருந்து’ என்று தலைப்புப் போடும்போது எனக்கு வேதனையாக இருக்கும்.

உணவிலும் அப்படியே. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சப்ஸ்டாண்டர்ட் என்றால், வகுத்த தரத்துக்குக் குறைந்தது, ஆனால் உண்பதற்கு ஆபத்தில்லாதது. ஆபத்தானதற்கு அன்சேஃப் என்று வேறு சொல் இருக்கிறது.

*

பேரேடு:

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு சப்ஸ்டாண்டர்ட் என்பது தவணை நின்ற கடன். வாராக்கடன் ஆகி 12 மாதம் வரைக்கும் அந்தப் பெயர், அதற்கு மேல் போனால் டவுட்ஃபுல், கடைசியில் லாஸ். மில்காரரும் தினமும் வங்கிக்குப் போகிறவர், அந்தச் சொல்லைப் பார்த்தால் அவருக்கு இதுகூட நினைவுக்கு வரும்.

*

பின்னல்மேசை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கோம்டு நூலை ஷாடி என்று சொன்னால் என்ன அர்த்தம் ஆகிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. அந்த மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, சொல் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டேன். அட்டை தயார் செய்துவிட்டேன், பதினோரு இழைகள் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். தைத்து முடித்த பீஸ்களில் சில மட்டும் இப்படி வந்திருக்கின்றன. அவற்றை ரிஜெக்ட் என்று எழுதுவதா, செகண்ட்ஸ் என்று எழுதுவதா?

*

துணிக்கண்:

நீங்களே அழைத்துப் பேசியது ரொம்ப நல்ல காரியம், அம்மணி.

இழையை ஊசியால் பிடுங்கிய பிறகு துணியில் ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் அது பிழை நீக்கிய பீஸ், மறுபடி பரிசோதனைக்குப் போகட்டும். விழுந்தால் முன்பக்கமா, அக்குளுக்குக் கீழா என்று பாருங்கள். கண்ணில் படாத இடத்தில் சிறு குறை, உடுத்தத் தடையில்லை என்றால் செகண்ட்ஸ். ஆங்கிலத்தில் இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்த சொல் அதுதான். குறை இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்கிறது, பொருளை இழிவுபடுத்துவதும் இல்லை. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும். ரிஜெக்ட் என்பது பீஸைப் பற்றிய சொல் அல்ல, பையரின் தீர்ப்பு. அவர் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொண்டு எழுதாதீர்கள்.

துணி ரோல்களுக்கு, குறையின் அளவைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வரை புள்ளி போடும் நான்கு புள்ளி முறையில் கணக்குப் போட்டு அந்த எண்ணையே எழுதுங்கள். 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளிதான் பொதுவாக எல்லை. 62 என்று எழுதினால் எந்த நாட்டுக்காரருக்கும் அகராதி தேவைப்படாது.

*

பின்னல்மேசை:

கடிதம் வியாழக்கிழமையே போய்விட்டது, ஐயா. தரம் என்ற பொருளில் ஒரு சொல்கூட அதில் இல்லை. லாட் எண், கோன் எண்ணிக்கை, புள்ளிக் கணக்கு, அட்டையின் படம் மட்டும்தான். இன்று காலை மில்லிலிருந்து பதில் வந்தது. மீதிக் கோன்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அந்த மேலாளரே நேரில் வந்து விளக்கு மேசையில் பார்க்கிறாராம்.