கிராஸ் ரோடில் ‘பிளேஸ் ஆஃப் குளோரி’க்கு என்ன வேலை?

பழைய கேசட்: ‘அமெரிக்க ராக் குழு பான் ஜோவியின் மொத்தக் கதையும் கிராஸ் ரோடில் இருக்கிறது, ஒரு பாட்டைக்கூட குறை சொல்ல முடியாது’ என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். 1994-இல் வந்த அந்த ஹிட்ஸ் தொகுப்புக்குள் ‘பிளேஸ் ஆஃப் குளோரி’ எப்படி நுழைந்தது? அது 1990-இல் ‘யங் கன்ஸ் 2’ படத்தையொட்டி குழுவின் பாடகர் ஜான் பான் ஜோவி தனியாகப் போட்ட பாட்டு. கிடார் இங்கிலாந்துக்காரர் ஜெஃப் பெக். அப்போது குழுவின் கிடார்காரராக இருந்த ரிச்சி சம்போரா அதில் இல்லவே இல்லை.

மணல்மேடு: அந்த மேதாவி நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு ஐயா அது. ஹிட்ஸ் தொகுப்பில் போடாமல் வேறு எங்கே போடுவார்கள்?

பழைய கேசட்: முதலிடம் பிடித்தது ஜான். குழு இல்லை.

ரெண்டாம்பக்கம்: அப்படியென்றால் ‘ரன்அவே’யையும் தூக்குங்கள். 1982-இல் அதைப் பதிவு செய்தபோது குழுவே கிடையாது, ஸ்டுடியோ வாத்தியக்காரர்களை வைத்து ஜான் முடித்த பாட்டு, கிடார் டிம் பியர்ஸ். அங்கேயும் உங்கள் சம்போரா இல்லையே!

பழைய கேசட்: அது 1984-இல் குழுவின் முதல் ஆல்பத்தில், குழுவின் பெயரில் வந்தது. பிளேஸ் ஆஃப் குளோரி உறையில் யார் பெயர் இருக்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம்.

மணல்மேடு: நாங்கள் பாட்டுக் கேட்கிறோம், நீங்கள் உறையைப் படித்துக்கொண்டிருங்கள். அதே தொகுப்பில் வந்த ‘ஆல்வேஸ்’ அப்போது புதுப்பாட்டு, அது எப்படி ஹிட் ஆகும் என்று போன மாதம் குதித்தவரும் இவர்தான். அது அமெரிக்காவில் 4-ஆம் இடம் வரை போனது என்று நான் காட்டியதும் ஆளையே காணோம்.

பழைய கேசட்: வீட்டில் கல்யாணம், அதனால் வரவில்லை. ஆல்வேஸ் குழு வாசித்த பாட்டு, போனால் போகிறது என்று விட்டேன். பிளேஸ் ஆஃப் குளோரி குழு வாசித்ததா?

ரெண்டாம்பக்கம்: ரன்அவேயில் பாஸ் வாசித்த ஹியூ மெக்டொனால்டுதான் குழுவின் பாஸ் கிடார்காரர் அலெக் ஜான் சச் விலகியதும் அந்த இடத்துக்கு வந்தவர். அதற்குப் பதில் வரவில்லை, கவனிக்கவும்.

பழைய கேசட்: பேச்சை மாற்ற வேண்டாம். பத்து நிமிஷத்தைத் தொடும் ‘டிரை கவுன்ட்டி’யை, சம்போரா கொன்று எடுத்த பாட்டை, வெளியே நிறுத்திவிட்டு யாரோ வாசித்ததை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

மணல்மேடு: ஜெஃப் பெக் ‘யாரோ’வா? சரி, இவரோடு பேசி லாபமில்லை.

குச்சிக்காரன்: காலையிலிருந்து கிடார், கிடார், கிடார். டிரம்ஸ் வாசிக்கிற டிக்கோ டாரஸைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசுவீர்களா?

பழைய கேசட்: பிளேஸ் ஆஃப் குளோரியில் டிரம்ஸ் கென்னி அரோனாஃப். டிக்கோவும் இல்லை. இதைத்தானே நானும் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்!