'வெள்ளம்' என்றால் தண்ணீரா, பெருக்கா? சொல்பட்டியல் சரிபார்க்க உதவி தேவை

வணக்கம். நாகர்கோவில், திருவனந்தபுரம், ஜெர்மனி மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் குளங்களைப் பற்றி புராஜெக்ட் செய்கிறார்கள். வழிநடத்தும் எங்களுக்கு இரண்டு உதவி வேண்டும்.

விளவங்கோடு பக்கம் 'வெள்ளம் இல்லை' என்றால் தண்ணீர் இல்லை. வெளியூர்த் தமிழ் மாணவர் அதை 'வெள்ளப்பெருக்கு இல்லை' என்று பதிந்தால் கணக்கெடுப்பே தலைகீழாகிவிடும். ஏலா (வயல்வெளி), மடை (நீர் திறக்கும் வழி), மறுகால் (உபரிநீர் வெளியேறும் வழி) என்று 40 சொற்கள் தொகுத்திருக்கிறோம். தமிழும் மலையாளமும் தெரிந்த யாராவது பார்த்துத் தர முடியுமா?

எண்களிலும் இதே சிக்கல். ஜெர்மன் வழக்கில் 1.250 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. 1,5 என்பது ஒன்றரை. அதனால் ஷீட்டில் ஆயிரத்துக்கு எந்தக் குறியும் போடுவதில்லை, அலகைத் தனிக் கட்டத்தில் எழுதுகிறோம். கூட்ட நேரத்தை இரண்டு நாட்டு நேரத்திலும் குறிக்கிறோம்: குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை.

அடுத்ததுதான் கஷ்டம். நம் பிள்ளைகள் 'சரி' என்பது பல நேரம் 'கேட்டுக்கொண்டேன்' என்ற பொருளில்தான். ஜெர்மனி தரப்பு அதை 'செய்து தருகிறேன்' என்று எடுத்துக்கொள்கிறது. கூட்ட முடிவில் அவரவர் வேலையையும் தேதியையும் சொந்த வார்த்தையில் எழுத வைத்ததும் இது குறைந்தது. ஆனால் மறுத்துப் பேச வேண்டிய இடத்தில் இன்னும் மௌனம்தான். முன்கூட்டியே பெயரில்லாமல் எழுதி வாங்கலாமா, இருவர் இருவராகப் பேசவிடலாமா? இப்படிக் குழு நடத்தியவர்கள் எது பலித்தது, எத்தனை வாரம் பிடித்தது என்று சொல்லுங்கள்.