தோள் காயம் ஆறி வந்த பவுலருக்குப் பழைய பந்து வரலை: வயசா, தோளா, வேற எதுவுமா?

கீழக்கரை_கீப்பர்:

எங்க டீம்ல ஒரு காக்கா (அண்ணன்), வயசு 36, வலது கை வேகப்பந்து. வலது தோள்ல ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைப் பிடிச்சு வைக்கிற தசைக் கூட்டம்) தசைநாண் பாதி கிழிஞ்சு, ஆபரேஷன் இல்லாம ஏழு மாசம் ஓய்வும் பிசியோவும். டாக்டர் சரின்னு சொல்லித் திரும்ப வந்து ரெண்டு மாசம் ஆகுது. வலி இல்லைங்குறாரு. ஆனா ஸ்டம்புக்குப் பின்னாடி நின்னா தெரியுது, கிளவுஸ்ல பந்து விழுற சத்தமே மாறிப்போச்சு. பேட்ஸ்மேனை விட்டு வெளியே வளையிற அவுட்ஸ்விங் போயிருச்சு, லெக் சைடுல வைடா கொட்டுது, மூணாவது ஓவர்லயே மூச்சு வாங்குது. முன்னாடி இல்லாத நோபால் வேற. ஞாயித்துக்கிழமை தென்னை நார் மேட்ல லெதர் பால், சில நேரம் ஒரே நாள்ல ரெண்டு மேட்ச். நடுவுல ராத்திரி டென்னிஸ் பால் மேட்ச். டீம்ல பாதிப் பேரு “ஓய்வு கொடுத்துருவோம்”னு சொல்றாங்க, மீதிப் பேரு புதுப்பந்தை அவரு கையிலதான் கொடுக்கணுங்குறாங்க. எதை முதல்ல பார்க்கணும்?

உப்பளத்தான்:

முதல்ல பந்தை எண்ணுங்க. நீங்க சொன்னதை வெச்சு உத்தேசமா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லெதர் மேட்சுக்கு 24 பந்து, வார்ம்அப் 12. ரெண்டு மேட்ச்னா 72. டென்னிஸ் பால் ராத்திரி மூணு மேட்ச், தலா ரெண்டு ஓவர்னா இன்னொரு 36. ஆக வாரத்துக்கு 108 பந்து, அதுல 72 ஒரே பகல்ல. அதுக்கு முந்தின நாலு வாரத்துச் சராசரி 50-60 தான் இருக்கும்னா, தோள் தாங்காது. வலி உடனே வராது, முதல்ல கை இறங்கும். காதை உரசிட்டு வந்த கை கொஞ்சம் கொஞ்சமா வெளியே விலகும், தலை ஆஃப் பக்கம் சாயும், இடது தோள் சீக்கிரம் திறந்துரும். அப்புறம் பந்தோட தையல் (சீம்) நிமிர்ந்து நிக்காது, பந்து லெக் பக்கம்தான் போகும்.

யாரும் எண்ணாத இன்னொண்ணு த்ரோ. அவரை எங்க நிறுத்துறீங்க? டீப் மிட்விக்கெட், லாங் ஆன்ல நின்னு பவுண்டரியிலேருந்து எறிஞ்சா, பந்து போடுறதைவிட அதுதான் தோளைக் கொல்லும். பந்து வீச்சுல ஓட்டமும் உடம்பும் சேர்ந்து வேகம் கொடுக்குது. எறியிறப்ப, அதுவும் உடம்பு ஆறிக் கிடக்கிற நேரத்துல, முழங்கையை மடக்கித் தோளை மட்டும் நம்பி எறியிறோம். மூணு மாசத்துக்கு ஷார்ட் ஃபைன் லெக் இல்லைன்னா மிட் ஆன். தூரத்துப் பந்தை இன்னொரு ஆள்கிட்ட அண்டர்ஆர்ம்ல தள்ளிவிட்டாப் போதும். வெட்கப்பட ஒண்ணுமில்ல.

மண்டபம்மேற்கு:

எண்ணிக்கை எல்லாம் சரிதான், ஆனா 36 வயசுல போன வேகம் முழுசாத் திரும்பாதுங்கிறதை யாராவது சொல்லித்தான் ஆகணும். நம்ம வேகப்பந்து பவுலர் லட்சுமிபதி பாலாஜியைப் பாருங்க. முதுகெலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (அழுத்தத்தால வர்ற விரிசல்), ஆக்‌ஷனையே மாத்திக்கிட்டு வந்தாரு. பழைய வேகம் இல்லை. ஆனா 2008 மே 10, சேப்பாக்கத்துல பஞ்சாபுக்கு எதிரா ஐபிஎல்லோட முதல் ஹாட்ரிக் அவரோடதுதான். மெதுவான பந்தை ஆயுதமா மாத்திக்கிட்டாரு.

இங்கிலாந்து வேகப்பந்து பவுலர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கதையும் பாடம்தான். 2019 ஆஷஸ் முதல் டெஸ்ட்ல நாலு ஓவர் போட்டுட்டுக் கெண்டைக்கால் பிடிச்சு வெளியே போனாரு. டிசம்பர்ல செஞ்சூரியன்ல திரும்பி வந்து முதல் பந்துலயே விக்கெட். அடுத்த டெஸ்ட்ல, கேப் டவுன்ல, அஞ்சு விக்கெட் எடுத்த கையோட விலா பிடிச்சுருச்சு. காயம்பட்ட இடம் ஆறிட்டா உடம்பு முழுக்கத் தயார்னு நினைக்கக் கூடாது.

அதனால புதுப்பந்தை இளசுகள்கிட்ட கொடுங்க. நார் மேட்ல கட்டர் (விரலால பந்தை அறுத்துத் திருப்பிப் போடுறது) நல்லாப் பிடிக்கும், பந்து கொஞ்சம் தேஞ்சா இன்னும் பிடிக்கும். ஏழாவது ஓவருக்கு மேல அவரு ஆஃப் கட்டர் போட்டா அடிக்கிறது கஷ்டம்.

பேஸ்பால்_பைத்தியம்:

மண்டபம் அண்ணே, ஒரு இடத்துல ஒத்துக்க மாட்டேன். வேகம் போச்சுன்னு அளந்து பார்க்காம எப்படிச் சொல்றது? கீப்பர் காதுல கேட்ட சத்தத்தை வெச்சா?

போன்ல 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருந்தாப் போதும். பிட்ச் நடுப்பகுதிக்கு நேரா, ஸ்கொயர் லெக் பக்கம் 25-30 மீட்டர் தள்ளி, ரெண்டு கிரீஸும் தெரியிற மாதிரி ஸ்டாண்டுல நிறுத்துங்க. பந்து கையை விட்ட ஃபிரேம்லேருந்து பேட்ஸ்மேன் பக்கத்துப் பாப்பிங் கிரீஸை (ஸ்டம்புக்கு முன்னாடி இருக்கிற கோடு) கடக்குற ஃபிரேம் வரைக்கும் எண்ணுங்க. ரெண்டு பாப்பிங் கிரீஸுக்கும் நடுவுல 17.68 மீட்டர். 15,275-ஐ ஃபிரேம் எண்ணிக்கையால வகுத்தா மணிக்கு இத்தனை கி.மீ.னு வரும். 130 ஃபிரேம்னா 117, 140-னா 109, 150-னா 102. தரையில பட்டு வேகம் குறையிறதும் இதுல சேர்ந்திருக்கு, அதனால டிவியில காட்டுற வேகத்தோட ஒப்பிடாதீங்க. அவரை அவரோடயே ஒப்பிடுங்க. பழைய மேட்ச் வீடியோ இதே கோணத்துல இருந்தா யோகம்.

முதல் ஓவர் 130 ஃபிரேம், மூணாவது ஓவர் 142-ன்னா அது தெம்புப் பிரச்சினை, பந்து எண்ணிக்கைப் பிரச்சினை. முதல் பந்தே 142-ன்னா ரன்அப்பையோ ஆக்‌ஷனையோ பாருங்க.

அமெரிக்க பேஸ்பால்ல டாமி ஜான்னு ஒரு பிட்சர் (பந்து எறியிறவர்). 1974-ல முழங்கைத் தசைநார் போச்சு. டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவரோட இன்னொரு கையிலேருந்து தசைநாண் எடுத்து வெச்சுத் தெச்சாரு. 1975 முழுக்க ஆடலை, 1976-ல வந்தாரு, 1989 வரைக்கும் ஆடினாரு. மொத்தம் 288 வெற்றியில 164 அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது. வெர்லாண்டர்னு இன்னொரு பிட்சர் அதே ஆபரேஷன் பண்ணி, 2021 முழுக்க உட்கார்ந்து, 2022-ல 39 வயசுல 18 வெற்றி, 4 தோல்வி, இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா விட்ட ரன்) 1.75. ஆனா இதைக் காட்டி உங்க காக்காவுக்கு ஆசை காட்ட மாட்டேன். முழங்கை வேற, தோள் வேற. தோள் திரும்புறதுதான் கஷ்டம். நான் சொல்ல வர்றது இடைவெளியைப் பத்தி. அங்க ஸ்டார்ட்டிங் பிட்சர் (மேட்சைத் தொடங்கி வைக்கிறவர்) ஒரு நாள் 90-100 பந்து எறிஞ்சா அடுத்த நாலு நாள், அஞ்சு நாள் மேட்ச்ல இறங்க மாட்டாரு. இங்க காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு!

டென்னிஸ் பாலை உடனே நிறுத்தச் சொல்லுங்க. லெதர் பால் 156-163 கிராம், சாதா டென்னிஸ் பால் 58 கிராம் பக்கம். எடை இல்லாததால கை வேகமாச் சுத்தும், சுத்துன கையை நிறுத்துற வேலை தோளோட பின்பக்கத் தசைக்கு. கிழிஞ்ச இடமும் அங்கதான்னா கேட்கவே வேணாம்.

கச்சான்காத்து:

எந்த முனையிலேருந்து போடுறாருன்னு யாருமே கேட்கலையே! ஆனி, ஆடியில கச்சான் மேற்கேருந்து அடிக்குது. பிட்ச் வடக்கு தெற்காக் கிடந்தா, வடக்கு முனையிலேருந்து போடுற பந்தைக் காத்து வலதுகை பேட்ஸ்மேனுக்கு ஆஃப் பக்கம் தள்ளும், அவுட்ஸ்விங்குக்குத் தோது. தெற்கு முனையிலேருந்து போட்டா அதே காத்து லெக் பக்கம் தள்ளிரும். கை இறங்கின ஆளுக்கு அதுவும் சேர்ந்தா வைடுதான். ஸ்கோர் புத்தகத்துல வைடெல்லாம் எந்த முனையில விழுந்ததுன்னு பாருங்க. வாடைக் காலத்துல கணக்கு தலைகீழ். பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஓடின காலத்துல காத்து 58 கி.மீ. தாண்டினா ரயிலுக்கே சிகப்பு விழுந்துச்சு, இங்க நாம 160 கிராம் பந்தைப் பத்திப் பேசுறோம்.

நோபாலுக்கு வர்றேன். ஏழு மாசம் ஓடாத காலுக்கு எட்டு வைக்கிற தூரம் சுருங்கும். ஆனா ஓட்டம் தொடங்குற மார்க் பழைய இடத்துலயே இருக்கு. கடைசி ரெண்டு எட்டை இழுத்துப் போட்டுத்தான் கிரீஸைப் பிடிக்கிறாரு, சில பந்துல அது தாண்டிருது. இழுத்துப் போட்ட முன்கால் முட்டி மடங்கும். மடங்கினா ஓடிவந்த வேகம் இடுப்புக்கு ஏறாது, மிச்சத்தைத் தோள்தான் இழுக்கணும். வேகம் போறதும் தோள் களைக்கிறதும் இங்கேருந்தே தொடங்கலாம்.

சரி பண்றது சுலபம். கிரீஸ்லேருந்து எதிர்ப்பக்கமா, வெறும் மைதானத்துல, கோட்டைப் பார்க்காம ஓடித் தானா எங்க குதிக்கிறாரோ அங்க ஒரு கல்லு வைங்க. ஆறு தடவை. நடுவுல விழுற தூரத்தை டேப்பால அளந்து எழுதி வைங்க. காலடியால அளக்காதீங்க, அந்த அடியே சுருங்கித்தான் இருக்கு. மேட்ச் ஆடுற ஷூவோட, ஆடுற தரையிலயே செய்யணும். காய்ஞ்ச கண்மாய் வெடிப்புத் தரையில வர்ற அளவு வேற, புல்தரை அளவு வேற.

கடற்கரை மணல்ல பந்து போட்டுப் பழகுறதா இருந்தா அதையும் விடச் சொல்லுங்க. மணல் முன்காலை முழுங்கிரும், முட்டி மடக்குற பழக்கம்தான் வளரும். ஓடுறது மட்டும் சரி, அதுவும் அலையோரச் சரிவுல இல்லாம மேல மட்டமான மணல்ல.

கீழக்கரை_கீப்பர்:

ஸ்கோர் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். கடைசி மூணு மேட்சும் தெற்கு முனைதான், இளசுகளுக்கு காத்து முனையை விட்டுக் கொடுத்திருக்காரு. ஃபீல்டிங் லாங் ஆன். மார்க் பழைய மார்க்தான், பதினாறு காலடி. மேட்சை முழுசா நிறுத்தணுமா, ஆடிக்கிட்டே சரி பண்ணலாமா?

உப்பளத்தான்:

ஒரு மாசம் பேட்டிங் மட்டும். அந்த மாசம் வாரத்துக்கு மூணு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் பந்து போடட்டும். முதல் வாரம் தலா 18, பாதி ரன்அப்ல. அடுத்தது 24. மூணாவது வாரம் 30, புது மார்க்லேருந்து முழு ரன்அப். நாலாவது வாரம் 36, கடைசி 12 மட்டும் முழு வேகம். அஞ்சாவது வாரம் ஒரு மேட்ச்ல ரெண்டு ஓவர், வடக்கு முனை, புதுப்பந்து. மண்டபம் தம்பி கோவிச்சுக்காதீங்க, கட்டர் அப்புறம். கை இறங்கியிருக்கிற ஆளு கட்டர் பழகினா இறங்கின கையே நிலைச்சுரும்.

வாரத்துக்கு ஒரு தடவை மல்லாக்கப் படுக்க வெச்சு, மேல்கையைப் பக்கவாட்டுல தோள் மட்டத்துக்கு நீட்டி, முழங்கையை மடக்கி, முன்கையைப் பாதப் பக்கமாச் சாய்க்கச் சொல்லுங்க. தோளைத் தரையோட அமுக்கிப் பிடிச்சுக்கணும். இடது கையைவிட வலது கை 20 டிகிரிக்கு மேல குறைஞ்சு நின்னாலோ, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியலைன்னாலோ அன்னைக்கே பந்து போடுறதை நிறுத்திட்டுப் பிசியோகிட்ட கூட்டிட்டுப் போங்க. வலி இல்லைங்கிற அவரு பேச்சை நம்பாதீங்க, ஆடணும்ங்கிற ஆசையில எல்லா பவுலரும் அப்படித்தான் சொல்லுவாங்க.