தான்சானியாவில் எழுதிய நாட்குறிப்பை ஊர் திரும்பிய பின் என்ன செய்வது?

கேள்வி: அல்சூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள முவான்சா நகருக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு மாதங்கள் தன்னார்வலராகக் கணிதம் கற்பித்துவிட்டுச் சென்ற மாதம் பெங்களூருக்குத் திரும்பினேன். அங்கே ஓர் இரவுகூடத் தவறாமல் எழுதி நான்கு நோட்டுப் புத்தகங்களை நிரப்பிய நான், வீடு வந்து சேர்ந்த பின் ஒரு வரியும் எழுதவில்லை.

முதல் நோட்டைப் புரட்டினால் கூச்சமாக இருக்கிறது. "பிள்ளைகள் மந்தம், எதைக் கேட்டாலும் வாய் திறப்பதில்லை" என்று மூன்றாவது வாரத்தில் எழுதியிருக்கிறேன். தொடக்கப் பள்ளியில் ஏழு ஆண்டுகள் சுவாஹிலியில் படித்தவர்கள், உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் சுவாஹிலிப் பாடம் நீங்கலாக ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்க நேர்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியின் முதலாண்டு முழுவதும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் இப்படி எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா? "ஆப்பிரிக்கா எப்படி இருந்தது?" என்று கேட்பவர்களோ, நான் வாயெடுப்பதற்குள் சிங்கம் பார்த்தாயா என்கிறார்கள், மேற்கொண்டு யாருக்காக எழுதுவது என்றும் தெரியவில்லை.

பதில்: ஜெயநகர் ஓய்வூதியர்

கிழிக்காதீர்கள் அம்மா. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிலநடுக்கம் ஏற்பட்ட பிறகு, நிவாரணக் குழு ஒன்றுடன் கோர்க்கா மாவட்டத்துக்குச் சென்று ஐந்து மாதங்கள் தகரக் கொட்டகைகள் அமைத்துக் கொடுத்தேன். திரும்பியதும் குறிப்புகளைத் திருத்தமாகப் படியெடுத்து, மூலத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். இப்போது படித்தால், போய் இறங்கிய அன்றே எல்லாம் தெரிந்திருந்த ஒரு மேதாவி எழுதியதைப் போல இருக்கிறது. எனக்கே அந்த ஆளைப் பிடிக்கவில்லை. பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வேறு மையில் இன்றைய தேதியிட்டு, இப்போது தெரிந்ததை எழுதுங்கள். தக்காளி என்ன விலை, பேருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பவற்றையும் நினைவிருக்கும்போதே குறித்து வையுங்கள். முதலில் மறப்பது அவைதான்.

பதில்: இந்திராநகர் செவிலி

பெரியவர் சொன்னதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. வேறு மையில் எழுதும் திருத்தமும், நான் எவ்வளவு திருந்திவிட்டேன் பார் என்று காட்டிக்கொள்வதாக முடிந்துவிடக்கூடும். அதைவிட முக்கியமாக, அந்த நோட்டுகளில் உங்களைத் தவிர வேறு மனிதர்களும் இருக்கிறார்கள். வீட்டில் நடந்ததை உங்களை நம்பிச் சொன்ன மாணவி அதை உங்களிடம் சொன்னாளே தவிர, உங்கள் உறவினர்களுக்குச் சொல்லவில்லை. எவரிடமாவது படிக்கக் கொடுப்பதாக இருந்தால், பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊரும் வகுப்பும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பதில்: எலகங்கா

சிங்கம் பார்த்தாயா என்பவரிடம் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடியுங்கள். இரண்டாவது கேள்வி கேட்பவர் ஒருவராவது வருவார், அவருக்காக எழுதுங்கள்.

கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. மாணவியைப் பற்றிய எச்சரிக்கை சுருக்கென்று தைத்தது. அப்படி ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது, அந்த நோட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று எதிர்ப்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். முதல் வாரக் குறிப்பில், "இரண்டு மணிக்கு ஆசிரியர் கூட்டம் என்றார்கள், போனால் ஒருவரும் இல்லை, பொறுப்பற்றவர்கள்" என்று இருந்தது. அவர்கள் சொன்னது 'சா ம்பிலி', அதாவது இரண்டாம் மணி. சுவாஹிலிக் கணக்கில் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணப்படுவதால் அது காலை எட்டு மணி. அவர்கள் கூடிப் பேசிக் கலைந்திருக்க, ஆறு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றவள் நான்தான். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிப் பஞ்சாங்கம் பார்க்கும் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அவர்கள் சரியாகத்தானே எண்ணியிருக்கிறார்கள்" என்றார். அதையும் தேதியிட்டு எழுதிக்கொண்டேன். அல்சூர் சந்தையில் பூ விற்கும் மூதாட்டியிடம், அங்கே பெரியவர்களுக்குச் சொல்லிப் பழகிய 'ஷிக்கமோ' என்னும் வணக்கம் வாய்தவறி வந்துவிட்டதையும், அவர் என்ன நினைத்தாரோ, ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்ததையும் அதற்குக் கீழேயே எழுதியிருக்கிறேன்.