மலக்குழி நீரில் நோரோவைரசு: எந்த எண்ணை எழுதுவது?

கொக்குவில் மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு விடுதியின் மலக்குழி நீரில் நோரோவைரசை (வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரசு) அளந்து வருகிறேன். 40 மில்லிலீற்றர் நீருடன் பொலிஎதிலீன் கிளைக்கோலும் உப்பும் சேர்த்து, இரவு முழுவதும் குளிரில் வைத்து, மையநீக்கியில் சுழற்றி, அடியில் தங்கும் படிவை 400 மைக்ரோலீற்றரில் கரைக்கிறேன். பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.யை (வைரசின் மரபுப்பொருள்) அப்படியே இட்டபோது பீ.சீ.ஆர். சுற்றெண் (மரபுப்பொருளைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும்போது அது தென்படும் சுற்று; வைரசு குறைய இந்த எண் கூடும்) 34, பத்து மடங்கு ஐதாக்கி இட்டபோது 34.6. இவற்றுள் எதை நம்புவது?

ஆய்வுகூட அண்ணா:
தங்கச்சி, பத்து மடங்கு ஐதாக்கினால் சுற்றெண் ஏறத்தாழ 3.3 உயர வேண்டும். உங்களுக்கு 0.6 மட்டுமே உயர்ந்திருக்கிறது என்றால், மலத்திலுள்ள பித்த உப்புகள் போன்ற பொருட்கள் நொதியத்தைத் தடுத்திருக்கின்றன. நேரடி அளவீடு உண்மையைக் குறைந்தது ஆறு மடங்கு குறைத்தே காட்டியிருக்கிறது. ஐதாக்கியதைப் பத்தால் பெருக்கி எழுதுங்கள். இன்னொருமுறை பத்து மடங்கு ஐதாக்கி, தடை முற்றாக நீங்கிவிட்டதா என்றும் பாருங்கள்.

சுன்னாகத்தவர்:
அதைவிடப் பெரிய ஓட்டை மீட்பளவில், அதாவது தொடக்கத்தில் இருந்த வைரசில் எவ்வளவு கடைசிவரை கைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது. கரைத்த 400இல் 200 மைக்ரோலீற்றரை எடுத்து, 50இல் ஆர்.என்.ஏ. பெற்று, 5ஐ இடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு குழாயில் இருப்பது 2 மில்லிலீற்றர் கழிவுநீருக்குச் சமம். அங்கே மரபுப்பொருளின் 10 பிரதிகள் தெரிந்தால் லீற்றருக்கு 5,000. ஆனால் வழியில் 90 வீதம் இழந்திருந்தால் உண்மையான அளவு 50,000. இந்த இழப்பை அறிய, நோய் உண்டாக்காதபடி வலுவிழக்கச் செய்த மெங்கோவைரசை அளந்து தொடக்கத்திலேயே சேர்ப்பார்கள்.

ஆய்வுகூட அண்ணா:
சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் அதைக் கொண்டு எண்ணைத் திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாக ஊற்றிய வைரசு நீரில் மிதக்கும், மலத்தோடு வந்ததோ திண்மங்களில் ஒட்டியிருக்கும். மீட்பு வீதத்தைத் தனியே எழுதினால் போதும்.

கொக்குவில் மாணவி:
நன்றி. மாரி மழையில் குழிக்குள் நிலத்தடி நீர் ஊறுவதை எப்படிக் கழிப்பது?

சுன்னாகத்தவர்:
மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு தாவர வைரசு உணவோடு சென்று மலத்தில் ஏராளமாக வெளியேறுகிறது. அதையும் அளந்து, நோரோவைரசை அதன் விகிதமாகக் காட்டுங்கள்; ஊறும் நீர் இரண்டையும் ஒரே அளவில் ஐதாக்குவதால் விகிதம் மாறாது. நம்மூர் விடுதிச் சமையலில் மிளகாய்க்குக் குறைவிராது! ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பீ.சீ.ஆர். காட்டுவது மரபுப்பொருளையே, அந்த வைரசு தொற்றும் நிலையில் உள்ளதா என்பதை அது சொல்லாது. அதேசமயம், வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லில் மலக்குழியும் கிணறும் அருகருகே இருக்கும் இடத்தில், கிணற்றில் ஈ.கோலி (மலக் கலப்பைக் காட்டும் பக்டீரியா) இல்லை என்பதை மட்டும் வைத்து வைரசும் இல்லை என்று எழுதிவிட வேண்டாம். நோரோவைரசின் விட்டம் 40 நனோமீற்றருக்கும் குறைவு; ஈ.கோலியைவிட மிகச் சிறியதாகையால், அது வராத இடத்துக்கும் இது வந்துவிடலாம்.