முகம் ஒரு பக்கம் கோணலா தெரியுது, ஃபில்லரா போடாக்ஸா தாடை ஆபரேஷனா?

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், இங்கயாச்சும் கேட்டுடலாம்னு எழுதுறேன். எனக்கு 22 வயசு. வலது பக்க தாடை பெருசா, கொஞ்சம் கீழ இறங்கின மாதிரி இருக்கு, தாவாங்கட்டை இடது பக்கமா ஒதுங்கி நிக்குது, சிரிச்சா உதடும் சாஞ்சு போகுது. கண்ணாடில அவ்வளவா தெரியல ஆனா யாராச்சும் போட்டோ எடுத்து அனுப்புனா இது நான்தானான்னு இருக்கு, குரூப் போட்டோன்னாலே ஓரமா போய் தலைய சாய்ச்சு நிக்கிற அளவுக்கு வந்துட்டேன். ஒரு ஸ்கின் கிளினிக்ல கேட்டதுக்கு இடது பக்கம் ஃபில்லர், அதாவது தோலுக்கு அடியில நிரப்புற ஊசி, போட்டா சமமாயிடும், ஒரே சிட்டிங்தான்னு சொன்னாங்க. நெட்ல ஒருத்தர் தசைய தளர்த்துற போடாக்ஸ் ஊசிங்கிறாங்க, ஒருத்தர் தாடை ஆபரேஷன்ங்கிறாங்க, இன்னொருத்தர் நாக்கை மேல் அண்ணத்துல அழுத்தி வெச்சாலே போதும்ங்கிறாங்க. எதுதான் உண்மையிலேயே வேலை செய்யும்? செஞ்சுகிட்டவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1

சகோ, முதல்ல அந்த போட்டோ விஷயம். ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கிற முகம்னு யாருக்குமே கிடையாது. கண்ணாடில நாம பாக்குறது இடம் வலம் மாறின முகம், அதையே பாத்துப் பாத்து கண்ணு பழகிடுச்சு, போட்டோல அது அப்படியே திரும்பி வர்றப்போ சாய்வு இன்னும் பெருசா தோணும். செல்ஃபின்னா இன்னும் மோசம், கேமரா மூஞ்சிக்கு பக்கத்துல இருக்கிறதால கிட்ட இருக்கிறது பெருசாவும் தள்ளி இருக்கிறது சின்னதாவும் விழும். அதனால வேற யாரையாச்சும் ஒரு ஆறு ஏழு அடி தள்ளி நின்னு, லேசா ஜூம் வெச்சு நேரா எடுக்க சொல்லுங்க, முடிய பின்னாடி கட்டிக்கோங்க. அதுலயும் தெரிஞ்சா அப்போ டாக்டர்.

பதில் 2

நான் போடாக்ஸ் போட்டவ, அதனால அது எங்க வேலை செய்யும்னு சொல்றேன். எனக்கு தூக்கத்துல பல் கடிக்கிற பழக்கம், கூடவே ஒரு பக்க கடைவாய்ப் பல் வலின்னு இன்னொரு பக்கமாவே மென்னு மென்னு அந்தப் பக்க தசை நல்லா புடைச்சுகிட்டு இருந்துச்சு. மாசெட்டர்னு பேரு, காதுக்கு கீழ தாடை மூலையில விரல வெச்சு பல்ல இறுக்கி கடிச்சா உருண்டையா மேல வரும் பாருங்க, அதுதான். ஒரு பக்கம் மட்டும் பெரிய உருண்டையா வந்தா தசைதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். ஊசி போட்ட உடனே ஒண்ணும் தெரியாது, தசை மெலிய ஒன்றரை ரெண்டு மாசம் ஆகும், அப்புறம் நாலுலேர்ந்து ஆறு மாசத்துல மெல்ல மெல்ல பழையபடி வந்துடும், திரும்ப போடணும். நான் கூடவே பல்ல சரி பண்ணி ராத்திரி பல்லு மேல மாட்டுற நைட் கார்டுங்கிற உறையும் வாங்கிகிட்டேன், இல்லன்னா கடிக்கிற பழக்கம் தசைய திரும்ப வளத்துடும்.

ஊசி கொஞ்சம் தள்ளிப் போனா சிரிக்கிற தசையில இறங்கி சில மாசம் சிரிப்பே கோணிடும், அதனால கை பழகின டாக்டர்கிட்ட மட்டும் போங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க, மயஸ்தீனியா மாதிரி தசை பலவீன நோய் இருக்கிறவங்களுக்கு இது வேண்டாம். முக்கியமா, இது தசையத்தான் சின்னதாக்கும், தாவாங்கட்டை ஒதுங்கி இருந்தா அத ஒரு இம்மி கூட நகத்தாது.

பதில் 3

பல் சீரமைப்புல வேலை பாக்குறேன், இந்த கேள்வியோட வர்றவங்கள அடிக்கடி பாக்குறேன் அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன் பொறுத்துக்கோங்க. கோணல்னு நாம ஒரே வார்த்தைல சொல்லிடுறோம், ஆனா அது எலும்புல இருக்கலாம், பல் கடியில இருக்கலாம், தசையில, கொழுப்புல, நரம்புல கூட இருக்கலாம், எதுல இருக்குன்னு தெரியாம ட்ரீட்மென்ட் பேரை மட்டும் வெச்சு தேர்ந்தெடுக்கவே கூடாது. (திடீர்னு ஒரே நாள்ல வாய் கோணினா அது அழகு பிரச்சனையே இல்ல, உடனே எமர்ஜென்சிக்கு ஓடணும், பக்கவாதமா இருக்கலாம். முகநரம்பு வாதம்னாலும் மாத்திரைய முதல் 3 நாளுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன்.)

வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி தட்டையான குச்சிய குறுக்கா வெச்சு ரெண்டு பக்க கடைவாய்ப் பல்லாலயும் கடிச்சுகிட்டு கண்ணாடி முன்னாடி நில்லுங்க. குச்சி ரெண்டு கண்ணுக்கும் இணையா இல்லாம சாஞ்சு இருந்தா மேல் தாடையே சாஞ்சிருக்குன்னு அர்த்தம், அத எந்த ஊசியும் சரி பண்ணாது.

ஃபில்லர் கெட்டதுன்னு நான் சொல்லல. எலும்பு வளர்ச்சி நின்னுபோய், பல் கடி சரியா இருந்து, ஒரு பக்கம் லேசா குழி விழுந்திருந்தா அது அருமையா மறைக்கும். ஹயலூரானிக் ஆசிட் வகைன்னா பிடிக்கலன்னாலும் ஹயலூரானிடேஸ் ஊசி போட்டு கரைச்சுடலாம், மத்த வகைகள்ல அந்த வசதி இல்ல. அபூர்வமா ரத்தக்குழாய் அடைச்சு தோல் கருகும், கண் பார்வை கூட போகலாம், அதனால அந்த கரைக்கிற மருந்து கைவசம் இருக்கான்னு கேக்காம உக்காராதீங்க. நாக்கை அழுத்துற கதைக்கு வளந்தவங்க எலும்பு நகரும்னு ஆதாரம் இல்ல.

இப்போ உங்ககிட்ட ரெண்டு கேள்வி. 16, 17 வயசு போட்டோல எப்படி இருந்தீங்க? பல் கடிக்கிற விதம் மாறிகிட்டே இருக்கா?

கேட்டவர்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பழைய போட்டோ எல்லாம் எடுத்துப் பாத்தேன், 17 வயசுல தாவாங்கட்டை நேராத்தான் இருக்கு!! இப்போ கீழ் பல்லோட நடு கோடும் இடது பக்கம் போயிருக்கு, வலது பக்க கடைவாய்ப் பல்லு முன்ன மாதிரி ஒண்ணோட ஒண்ணு முட்டல, நடுவுல சந்து விழுது. குச்சி டெஸ்ட்ல லேசா சாயுது.

பதில் 3

அப்போ தயவுசெஞ்சு ஃபில்லர இப்போதைக்கு ஒத்திப் போடுங்க. நேர்ல பாக்காம நான் உறுதியா சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்றது காண்டைலர் ஹைப்பர்பிளாசியாவான்னு பாக்க வேண்டிய கதை. காதுக்கு முன்னாடி தாடை மூட்டுல இருக்கிற காண்டைல்ங்கிற எலும்பு முனை, ஒரு பக்கம் மட்டும் நிக்காம வளந்து தாவாங்கட்டைய எதிர் பக்கம் தள்ளும், பதின் வயசுலயும் இருபதுகள்லயும்தான் இது அதிகம். கீழ எலும்பு நகந்துகிட்டே இருக்கறப்போ மேல ஃபில்லர் போட்டு என்ன பிரயோஜனம் சொல்லுங்க. முகத் தாடை அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது மேக்சிலோஃபேஷியல் சர்ஜன், அவர்கிட்ட போங்க. ஓபிஜி (முழு தாடையும் ஒரே படத்துல விழுற எக்ஸ்ரே), சிபிசிடி (எலும்ப 3டில காட்டுற ஸ்கேன்) எடுப்பாங்க, வளர்ச்சி இன்னும் ஓடுதான்னு தெரிய ஸ்பெக்ட் போன் ஸ்கேன், அதாவது லேசான கதிரியக்க மருந்த ஊசில ஏத்தி எலும்பு அத எங்க அதிகமா உறிஞ்சுதுன்னு பாக்குறது. ஓடிகிட்டு இருந்தா காண்டைலோட மேல் முனைய சில மில்லிமீட்டர் எடுத்து வளர்ச்சிய நிறுத்துறது ஒரு வழி. நின்னுடுச்சுன்னா கிளிப் போட்டு, பிறகு தாடைய நேராக்குற ஆபரேஷன்.

பதில் 4

தம்பியா தங்கச்சியான்னு தெரியல, அந்த ஆபரேஷன் பண்ணிகிட்டவன் நான், பயமுறுத்த எழுதல, தெரிஞ்சு போகணும்னு எழுதுறேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு வருஷத்துக்கு மேல கிளிப், அந்த காலத்துல கோணல் முன்னைவிட அதிகமா தெரியும், அது இயல்புதான்னு டாக்டர் சொல்லிட்டதால தாங்கிகிட்டேன். ஆபரேஷன் முழுக்க வாய்க்குள்ளயே, வெளில தழும்பு இல்ல, எலும்ப டைட்டானியம் பிளேட் வெச்சு பிடிச்சு வெச்சிருக்காங்க, பொதுவா அத எடுக்கறதில்ல. முதல் ரெண்டு வாரம் மூஞ்சி ரொம்ப வீங்கும், நீராகாரம்தான், முழு வீக்கமும் வடிஞ்சு முகம் செட்டாக ஒரு வருஷம் கூட ஆகும். கீழ் உதடு மரத்துப் போகும், நிறைய பேருக்கு மாசக்கணக்குல திரும்பும், சிலருக்கு கொஞ்சம் நிரந்தரமா தங்கிடும், எனக்கு தாவாங்கட்டைல ஒரு சின்ன இடம் இன்னும் அப்படித்தான், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத வாய்விட்டு கேட்டு தெரிஞ்சுக்கோங்க. கடி நல்லா இருந்து தாவாங்கட்டை மட்டும் ஒதுங்கி இருந்தா அத மட்டும் வெட்டி நகத்துற ஜீனியோபிளாஸ்டி போதும், அது சின்ன ஆபரேஷன். எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருக்கிற வித்தியாசத்துக்குத்தான் ஃபில்லரோ சொந்தக் கொழுப்பு ஊசியோ, அந்தக் கொழுப்புலயும் ஒரு பகுதிய உடம்பு உறிஞ்சிடும்.

போட்டோவுக்கு ஒளியிறத படிச்சப்போ கஷ்டமா இருந்துச்சு. இது நீங்க இழுத்துகிட்டது இல்ல. ரிசல்ட் வர நாளாகும், அது வரைக்கும் நாள் முழுக்க முகத்தையே நினைச்சு தவிக்கிற மாதிரி இருந்தா ஒரு கவுன்சிலர்கிட்ட பேசுங்க, நான் பேசினேன்.

கேட்டவர்

தங்கச்சிதான் அண்ணா. அம்மாகிட்ட சொல்லிட்டேன், சர்ஜன பாக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. போன் ஸ்கேன் ரிப்போர்ட்ல நான் எத பாக்கணும்?

பதில் 3

நல்லதும்மா. ரெண்டு காண்டைலும் அந்த ஊசி மருந்த எவ்வளவு உறிஞ்சுதுன்னு சதவீதம் போட்டிருக்கும், கிட்டத்தட்ட 50க்கு 50 இருக்கணும், ஒரு பக்கம் 55 தாண்டினா அந்தப் பக்கம் இன்னும் வளருதுன்னு பொதுவா எடுத்துக்குவாங்க. ஆனா வீக்கம், மூட்டு தேய்மானம் இருந்தாலும் அந்த எண் ஏறும், அதனால அத மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க. உங்க 17 வயசு போட்டோக்கள கையோட எடுத்துட்டு போங்க, இப்போ பல் அச்சு ஒண்ணும் எடுத்து வைக்க சொல்லுங்க, ஆறு மாசம் கழிச்சு எடுக்குற அச்சோட ஒப்பிட்டுப் பாக்க அது தேவைப்படும்.