'கய்ஸ்' என்ற அழைப்பு ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்ததா?

கேள்வி

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். யூடியூபில் 'ஹாய் கய்ஸ்' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மாணவி ஒருத்தி, "அது ஆண்களைக் குறிக்கும் சொல்தானே மிஸ், பெண்களையும் ஏன் அப்படி அழைக்கிறார்கள்?" என்று கேட்டாள். அகராதியைப் புரட்டியபோது, அது முதலில் ஓர் ஆணின் இயற்பெயர் என்று போட்டிருந்தது. (கரத்தைக் குறிக்கும் நம் சொல்லோடு குழம்பாதிருக்க 'கய்' என்றே எழுதுகிறேன்.) பெற்றோர் ஆசையாக வைக்கும் பெயர், யாரை வேண்டுமானாலும் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லாக எப்படி மாறுகிறது? அறிந்தவர்கள் விளக்கினால் வகுப்பில் சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

ஆசிரியருக்கு வணக்கம். அந்த ஆள் கய் ஃபாக்ஸ். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் வந்து அமரவிருந்த நாடாளுமன்றத்தை 1605 நவம்பர் 5 அன்று வெடிவைத்துத் தகர்க்கக் கத்தோலிக்கர்கள் சிலர் சதி செய்தார்கள். பிரபுக்கள் அவைக்கு அடியிலிருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்துக்குக் காவலிருந்து பிடிபட்டவர் இவர். சதிக்குத் தலைவர் ராபர்ட் கேட்ஸ்பி. ஆனால் ஊர் வாயில் நிலைத்தது, கையும் களவுமாகச் சிக்கியவரின் பெயர்தான். பிடித்தவர்களிடம் அவர் தம்மை ஜான் ஜான்சன் என்று சொல்லிக்கொண்டார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு நினைவே இல்லை: தெருவுக்குத் தெரு இருந்த ஒரு பெயருக்குள் ஒளிய முயன்றவரின் சொந்தப் பெயரே, பின்னாளில் தெருவில் போகும் எவருக்கும் பொருந்தும் சொல்லாகிவிட்டது.

மன்னர் உயிர்தப்பியதற்கு ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று நன்றி செலுத்தவேண்டும் என்று 1606-இல் இயற்றிய சட்டம் 1859 வரை நடைமுறையில் இருந்தது. சிறுவர்கள் கிழிந்த சட்டைக்குள் வைக்கோலைத் திணித்துப் பொம்மை செய்து, அதைத் தள்ளுவண்டியில் வைத்து, 'கய்க்கு ஒரு பென்னி' என்று தெருத்தெருவாகக் காசு கேட்டு, இரவில் நெருப்பிலிடுவார்கள். அந்தப் பொம்மைக்கே 'கய்' என்று பெயராயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அலங்கோலமாக உடுத்தியவரை அப்படிக் கேலி செய்தார்கள். அமெரிக்காவிலோ அந்தக் கேலி உதிர்ந்து, வெறுமனே 'ஆள்' என்ற பொருள் மட்டும் நின்றது. 1775-இலேயே ஜார்ஜ் வாஷிங்டன் தம் படையினர் அந்நாளைக் கொண்டாடுவதைத் தடுத்திருந்தார். அங்கே நெருப்பும் பொம்மையும் மறக்கப்பட்டதால்தான் சொல்லிலிருந்த இழிவும் போயிற்று என்று நான் கருதுகிறேன்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலப் பொதுவழக்கில் ஒருமைக்கென இருந்த முன்னிலைச் சொல் மறைந்தபின், 'யூ' என்பது ஒருவரா பலரா என்று தெரியாமல் போயிற்று. நாம் 'நீங்க எல்லாரும்' என்று சொல்வதுபோல், அவர்களுக்குப் பன்மையைக் காட்ட ஒரு துணைச்சொல் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு வந்தபிறகு 'கய்ஸ்' ஆண்பால் அடையாளத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது.

மறுமொழி 2

மேலே உள்ள நண்பர் சொன்னது ஒரே ஒரு மனிதரால் சொல்லான பெயர். 'ஜாக்' அப்படி அன்று. அது எங்கும் நிறைந்திருந்ததாலேயே சொல்லாயிற்று. ஜானின் செல்லப்பெயர் ஜாக். இடைக்கால இங்கிலாந்தில் ஜான்கள் அவ்வளவு பேர் இருந்ததால், பெயர் தெரியாத வேலையாள் எவனும் 'ஜாக்' ஆனான். பிறகு, ஆள் செய்த வேலையைச் செய்யும் கருவிக்கும் அதே பெயர் வந்தது: காலிலிருந்து பூட்ஸைக் கழற்றும் கட்டை, இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றும் பொறி, பாரம் தூக்கும் சாதனம் ஆகிய மூன்றுமே ஜாக்தான்.

என் தந்தை லாரிப் பட்டறை வைத்திருந்தார். "ஜாக்கியைக் கொண்டா" என்று அவர் குரல் கொடுத்தால், கிரீஸ் பிசுக்கோடு அதை உருட்டிக்கொண்டு போய் அச்சுக்கு அடியில் வைப்பது என் வேலை. சீட்டுக்கட்டிலும் அதே ஜாக்கி. கிண்டி பந்தயத்தில் குதிரை ஓட்டுபவரும் ஜாக்கி. ஜாக்கை (Jack) ஸ்காட்லாந்தில் 'ஜாக்' (Jock) என்று சற்று வேறு ஒலியோடு அழைப்பார்கள், அதிலிருந்து பிறந்தது குதிரை ஓட்டுபவரைக் குறிக்கும் சொல். நம் நாவில் மூன்றும் ஒன்றாகிப்போனது தற்செயல் என்றாலும், மூன்றுக்கும் மூலம் ஜான் என்ற ஒரே பெயர்தான்.

மறுமொழி 3

இந்த மாற்றம் பெயருக்கு உரியவர்களை வருத்துவதும் உண்டு. அமெரிக்காவில் 1965-இல் பெண்குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் 'கேரன்' மூன்றாவது இடத்தில் இருந்தது. அன்று பிறந்தவர்களுக்கு 2020-இல் ஐம்பத்தைந்து வயது. கடையில் "மேலாளரைக் கூப்பிடு" என்று அதட்டும், கறுப்பினத்தவரைக் கண்டாலே காவல்துறையை அழைக்கும் வெள்ளையினப் பெண்ணைக் குறிக்க அந்த ஆண்டில் உலகெங்கும் பரவிய பெயர் அதுதான். பரவலாக இருந்தால் மட்டும் போதாது, பெயரைக் கேட்டவுடன் வயதும் தோற்றமும் மனத்தில் தோன்றவேண்டும் என்பது இதில் தெரிகிறது. என்னுடன் பணியாற்றும் ஓர் அம்மையாருக்கு அதே பெயர், மிகவும் சாதுவானவர். காப்பிக் கடையில் கோப்பையில் எழுதப் பெயர் கேட்டால், இப்போதெல்லாம் தம் மகளின் பெயரைச் சொல்கிறார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கடைசியில் படித்த செய்தி மனத்தைத் தைத்தது. அதையும் வகுப்பில் சொல்வேன். ஒரு சந்தேகம்: பொம்மையைக் குறிக்கும் 'டால்' என்ற சொல்லும் பெயர்தான் என்கிறார்களே?

மறுமொழி 1

ஆம், டாரத்தி என்ற பெண்பெயரின் செல்லவடிவம் அது. மேரி 'மால்' ஆனதும், ஹாரி 'ஹால்' ஆனதும், சாரா 'சாலி' ஆனதும் இதே முறையில்தான்: ரகரம் லகரமாயிற்று. பந்தல், பந்தர் என்ற போலியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். உங்கள் மாணவி உடனே பிடித்துக்கொள்வாள்.